கவ்வாத்துக்கு என்ன அர்த்தம்

ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் என்னைப் பொறுப்பாக்காதீர்கள் என்று வீட்டில் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். "ஒங்கள யாருங்க இப்ப பொறுப்பாக்குனா?" என்று மனைவி கேட்பாள். அதுவும் நியாயம்தான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டுகிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு அதை மொட்டையாக வெட்டிவிட வேண்டும். அந்த வேலைக்குப் பெயர்தான் கவ்வாத்து. ஆண்கள் செய்கிற வேலை. வளைந்த கத்தி ஒன்று, தீட்டக் கல் ஒன்று, இடுப்பில் சுற்றிக்கட்ட ஒரு சாக்குப் படங்கு. காலையில் குனிந்தவன் பின்னேரம் நிமிரும்போது உயிர் போய்த் திரும்பி வரும். எனக்கு இப்போது நிமிர்வதே பெரும்பாடாக இருக்கிறது.

போன வருஷம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வாச்சர் வந்தார். சிங்களவர். ஆமி என்று நாங்கள் சொல்லும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்தில் பெண் எடுத்து, லீக்ஸும் கரட்டும் போட்டுக்கொண்டு இருந்தார். காட்டோரம் இருக்கும் மலைகளைப் பார்த்துக்கொள்வது, பன்றி வந்தால் விரட்டுவது, விறகுக்காக மரம் வெட்டுகிறவர்களைப் பிடிப்பது, இதுதான் வேலை. தோட்ட மேனேஜரான தொரை, பன்றி சுட அவருக்குத் துவக்கு தருகிறேன் என்றாராம். வேண்டாம், கம்பு போதும் என்று சொல்லிவிட்டார். "ஆமிக்காரரு கம்பத் தூக்கிக்கிட்டு பன்னி வெரட்டுறாரு" என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது.

முதல் நாள் காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்தார். பெரட்டு என்பது நாங்கள் வேலைக்கு முன்னால் கூடி நிற்பது. கங்காணி ஆட்களைப் பிரித்து அனுப்புவார். வந்து நிற்கிறவனுக்கு அன்றைக்குப் பேர் உண்டு. எங்கள் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. "இந்த மாசம் ஒனக்கு எத்தன பேரு?" என்று கேட்டால், எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று அர்த்தம். ஆள் வராவிட்டால் பேர் இல்லை என்பது எங்கள் கங்காணி தினமும் ஓதுகிற மந்திரம். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிற்று.

அன்றைக்கும் அதை ஓதிவிட்டு, "கவ்வாத்துக்குப் பதினாலு ஆளு, இங்கிட்டு வாங்கப்பா" என்று கூப்பிட்டார். வாச்சர் சட்டென்று திரும்பினார். நேராக என்னிடம் வந்து, "கவ்வாத்து கியன்னே மொகத்த?" என்றார். கவ்வாத்து என்றால் என்ன என்று கேட்கிறார்.

எனக்கு அன்று நல்ல மனசு. சும்மா வாயால் சொல்லாமல், கையில் இருந்த கத்தியை ஓங்கி, இல்லாத செடி ஒன்றைச் சரிவாக வெட்டிக் காட்டினேன். "இப்படித்தான். தேயிலைய வெட்டுறது" என்றேன். மனுஷன் இரண்டு எட்டு பின்னால் போனார். முகத்தில் ரத்தம் இல்லை. நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "ஆமிக்காரரு கத்தியப் பாத்துப் பயந்துட்டாருடோய்" என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். பதினான்கு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுக்க வழி இருந்தால் எடுத்துவிடுவேன்.

அதற்குப் பிறகும் அவர் எங்களோடு நன்றாகத்தான் இருந்தார். எங்கள் மலைப் பக்கம் வருவார். என்னை "அய்யே" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அது அண்ணன். ஆனால் லயத்தில் எல்லோருக்கும் அது 'ஐயா' என்றுதான் கேட்டது. "ஆமிக்காரரே ஐயாங்கிறாரு, பெரிய ஆளுதான்" என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் மறுக்கவில்லை. அவருடைய முகம் மட்டும் கிழமைக்குக் கிழமை வற்றிக்கொண்டே போனது. கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிடுவார். நாங்கள் கத்தி தீட்டுகிற நேரத்தில் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். வயல்காட்டில் வளர்ந்தவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய மனைவி லயத்தில் எங்கள் வீட்டுக் காம்பராவுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய லீக்ஸ். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "அய்யே, எங்க வீட்டுக்காரருக்கு நீங்க என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார். சிங்களத்தில் பேசியதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "மந்திரமா? நானா?" என்றேன்.

"அவர் தூங்குறது இல்ல. சாப்பிடுறது இல்ல. லீக்ஸ் பாத்தியில உக்காந்து ஏதோ ஒரு தமிழ் வார்த்தையச் சொல்லிக்கிட்டே இருக்காரு. கேட்டா, தோட்டத்து அய்யே சொல்லிக் குடுத்த வார்த்தைன்னு சொல்றாரு. அத எடுத்துருங்க. எவ்வளவு செலவானாலும் செய்யிறோம்."

என்ன வார்த்தை என்று கேட்டேன். சொன்னார். பின்னால் நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கவ்வாத்து. அதுதான் மந்திரமாம். எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்த பிறகு இரண்டும் வரவில்லை. நாளைக்கு அவரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். லீக்ஸை வைத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ரொட்டி நேரத்தில் அவரைப் பிடித்தேன். மலையில் வெட்டி முடித்த பக்கம், பொடி மழை. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம், பெண்கள் அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த மிலாற்றுக் குவியல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை. "என்னாப்பா, நான் ஒங்களுக்கு என்னா கெடுதி பண்ணேன்?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவருக்கு விளங்கியது.

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். சத்தத்தை உயர்த்தாமல், கீழே தெரிந்த பஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்.

"வவுனியாவுக்கு மேல ஒரு சின்னக் காவல் எடம். நாங்க ஏழு பேரு. முந்தின நாள் எங்கள்ல ரெண்டு பேரு செத்துட்டாங்க. பின்னேரம் பத்தைப் புதருக்குள்ள இருந்து ஒரு ஆளு வந்தான். நாப்பது வயசு இருக்கும். கையில வளைஞ்ச கத்தி. நிறுத்தினேன், நின்னான். பேர், ஊர், வேலை. எங்களுக்குச் சொல்லிக் குடுத்த தமிழ்க் கேள்வி மூணு. அந்த வரிசையிலதான் கேக்கணும், அதுதான் சட்டம். நான் கத்தியப் பாத்துட்டு, பேர விட்டுட்டு, கடைசியில இருந்து கேட்டேன். என்ன வேலைன்னு கேட்டேன். அவன் இந்த வார்த்தையச் சொன்னான். எனக்கு வெளங்கல. திரும்பக் கேட்டேன். அவன் கத்திய ஓங்கி…"

அத்தோடு நிறுத்திவிட்டார். ஓங்கிக் காட்டியதைத்தான் நானும் பெரட்டுக்களத்தில் செய்து காட்டினேன்.

"சுட்டுட்டேன்" என்றார். "எங்ககூட தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு. கொழும்புக்காரர். அவன் என்ன சொன்னான்னு அவருகிட்டக் கேட்டேன். கவாத்துன்னா ட்ரில், லெஃப்ட் ரைட், பயிற்சி எடுத்தவன்னு சொன்னாரு. எங்க பெரிய ஆபீசர் வந்து முதுகுல தட்டி, சரியாத்தான் செஞ்சிருக்கடான்னு சொன்னாரு."

மழை கொஞ்சம் வலுத்தது. படங்கை அவிழ்த்து இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. கை தானாகப் போய்விட்டது.

"சண்டையில சுட்டதெல்லாம் வேற, அய்யே. வெடி வர்ற பக்கம் பாத்து நாமளும் சுடுறது. யாரு விழுந்தாங்கன்னு தெரியாது. எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி சமாளிச்சான். ஒருத்தன் குடிச்சான். ஒருத்தன் வருஷா வருஷம் செத்துப்போன கூட்டாளிங்களுக்காகத் தானம் குடுக்குறான், மத்தத வாயத் தொறந்து பேச மாட்டான். ஒருத்தன் மூணு மாசம் சாமியாராப் போயிட்டு, முடியாமத் திரும்பி வந்து இப்ப பஸ்ஸுல டிக்கட் போடுறான். நான் குடிக்கல, எங்கயும் போகல. எனக்கு அந்த வார்த்த இருந்தது. கண்ண மூடுனா அந்த ஆளோட முகம் வரும். அவன் பயிற்சி எடுத்தவன், அவனே வாயால சொன்னான்னு சொல்லிக்குவேன். தூக்கம் வந்துரும். இத்தன வருஷமா நல்லாத் தூங்குனேன், அய்யே. சொல்ல வெக்கமா இருக்கு. நல்லாத் தூங்குனேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். இத்தனை நாளாக என்னையே சுற்றிச்சுற்றி வந்தது இதைக் கேட்கத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கொழும்புக்காரர் சொன்னது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் கொடுமை. என் மகள் ஆசிரியை. ஒரு நாள் அகராதியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கவாத்துன்னா பட்டாளத்துப் பயிற்சியாம்ப்பா. முப்பது வருஷமா நீங்க ஆமியிலதான் இருந்திருக்கீங்க." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மற்ற ஊர்த் தமிழில் அதற்கு அந்த அர்த்தமும் உண்டு. அந்தக் கொழும்புக்காரர் தேயிலைத் தோட்டத்தையே பார்த்திருக்க மாட்டார். ஆமாம், இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனுஷன் இன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். அவர் மனைவி எனக்கு வருஷம் பூராவும் லீக்ஸ் கொண்டுவந்து தருவார்.

ஆனால் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இனக்கலவரத்துக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு வடக்கே வவுனியாவுக்குப் போன தோட்டத்து ஆட்கள் கொஞ்சமா? என் சித்தப்பாவும் போனார். அவரும் கவ்வாத்துக்காரர்தான். கத்தியைக் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அங்கே தேயிலை ஏது? வேலி வெட்டினார், விறகு வெட்டினார். காய்ச்சலில்தான் செத்தார். ஆனாலும் என்ன வேலை என்று யாராவது கேட்டால், கடைசி வரைக்கும் கவ்வாத்து என்றுதான் சொல்வார். அவரைப் பார்க்க நானும் ஒரு தடவை போனேன். வழியில் நிறுத்தி என்ன வேலை என்று கேட்டார்கள். நல்ல காலம், என் வாயில் 'எஸ்டேட்' என்று வந்தது. அன்றைக்கு வேறு சொல் வந்திருந்தால், இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என்னைச் சுட்டவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

"அவன் எப்படிச் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றேன்.

மறுபடி பஸ் ரோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "கவ்வாத்துங்க தொரை. கவ்வாத்துங்க."

என் சித்தப்பாவின் வாய் அது. தமிழ் சரியாகத் தெரியாத அந்த மனுஷன், அர்த்தம் தெரியாத ஒரு பேச்சை, 'வ்'வில் விழுகிற அழுத்தம் கூடக் குறையாமல் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்தார். அகராதியில் இருக்கும் கவாத்துக்கு அந்த அழுத்தம் கிடையாது. அதோடு தொரை வேறு. உத்தியோகச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் தொரை என்று கும்பிடு போடுகிற பழக்கம் எங்களை விட்டால் யாருக்கு இருக்கிறது? மீட்டர் பார்க்க வருகிறவர்கூட எங்களுக்குத் தொரைதான். அந்த ஆள் சாகிற நேரத்திலும் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான்.

"தொரைன்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும். இங்க வந்த மொத நாளே தெரிஞ்சது" என்றார். அப்புறமும் என்னிடம் கேட்கிறார். பொய் சொல்லச் சொல்லிக் கேட்கிறார் என்று விளங்கியது. சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. செத்தவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, புதைத்தார்களா, எரித்தார்களா என்று தெரியாது. அவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு பேச்சுதான். அதையும் மாற்றிவிட்டால் அவனை நானும் ஒரு தடவை சுட்ட மாதிரி.

"வேற அர்த்தம் இருக்கு. கொழும்புக்காரர் பொய் சொல்லல" என்றேன். அவர் முகம் நிமிர்ந்தது. "ஆனா செத்தவரு அந்த அர்த்தத்துல சொல்லல. இவரு எங்க ஆளு. நான் தேயில வெட்டுறவனுங்கன்னு சொல்லிருக்காரு. எப்படி வெட்டுறதுன்னு காட்டிருக்காரு. அவ்வளவுதான்."

"சரி" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை "சரி" என்றார். கையில் இருந்த ரொட்டியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழையோடு மேலே ஏறிப் போனார். அன்று பின்னேரம் நான் வெட்டிய செடிகளில் பாதி பிளந்துபோயிற்று. கங்காணி என்னைக் கண்டபடி ஏசினார். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, செத்தவனுக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

அடுத்த கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். போனால் போகட்டும், எனக்கும் நிம்மதி என்று மனைவியிடம் சொன்னேன். "அப்பறம் ஏன் வழியப் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள்.

அடுத்த மலையைத் தொடங்குகிற நாள் வந்தது. புது மலையில் கத்தி வைப்பதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமி கும்பிட வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. மலைத் தலைப்பில் ஒரு கல். அதற்கு முன்னால் எல்லோருடைய கத்தியையும் வரிசையாக வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுவோம். காட்டி முடித்த பிறகு அவனவன் தன் கத்தியை எடுத்துக்கொள்வான். அடுத்தவன் கத்தியைத் தொடக்கூடாது.

நாங்கள் கத்திகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாச்சர் வந்தார். முகம் மழித்திருந்தார். கழற்றிய செருப்பு ஒரு கையில், பேப்பரில் சுற்றிய ஒன்று மற்றக் கையில். செருப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். புதுக் கவ்வாத்துக் கத்தி. ஹட்டன் டவுனில் வாங்கியிருக்க வேண்டும். கடையில் பூசிய எண்ணெய்கூடப் போகவில்லை, தீட்டவும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் என் கத்தியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டேன். அங்கே வைத்தார்.

கங்காணி கற்பூரத்தோடு வந்து கத்திகளை எண்ணினார். "பதினாலு ஆளு, பதினஞ்சு கத்தி. யாருதுப்பா இது?"

"நம்ம ஆளு ஒருத்தரோடது" என்றேன் நான்.

"நம்ம ஆளுன்னா? ஆளு எங்க?"

"வரலங்க."

கங்காணிக்கு எரிச்சல். கற்பூரம் வைத்த தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, வழக்கமான மந்திரத்தை எடுத்தார். "கத்தி வந்தாப் போதுமா? ஆளு வந்து நிக்கணும். வராதவனுக்குப் பேரு கெடையாது. தெரியுந்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் வாச்சர் பேசினார். தமிழில் பேசினார். அவர் முழுசாகத் தமிழில் ஒன்றைச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பேரு நான் கேக்கல்ல, தொரை."

கங்காணிக்கு அது போதுமானதாக இருந்தது. சரி, கேட்காவிட்டால் நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு, குனிந்து கற்பூரத்தைக் கொளுத்தினார்.